சுவரில் ஒரு விலங்கு, கையில் ஒரு விலங்கு: வேட்டைச் சட்டத்தின் சாதிய வரலாறு

2022 டிசம்பர் 8 அன்று மாநிலங்களவை வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. அதே அவை, அதே கூட்டத்தொடரில், டிசம்பர் 22 அன்று தமிழ்நாட்டின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவையும் நிறைவேற்றியது. முதல் மசோதா வேட்டைக்கான அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியது. இரண்டாவது, வேட்டையைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு, 1965ஆம் ஆண்டிலேயே லோகூர் குழு பரிந்துரைத்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் மறுக்கப்பட்டுவந்த அரசமைப்புச் சட்டத் தகுதியை அளித்தது. இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்து வைத்து வாசிக்க நாடாளுமன்றத்திலோ ஊடகங்களிலோ எவரும் அக்கறை காட்டவில்லை. நாம் அதைச் செய்ய விரும்புகிறோம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்வோருக்கு இந்த இரண்டு சட்டங்களும் தொலைவில் நடக்கும் செய்திகள் அல்ல. மாங்காட்டுக்கு வடக்கே, ஆவடி பருத்திப்பட்டிலும் திருமுல்லைவாயிலிலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஆவடிக் குடியிருப்புக்கு நேரில் சென்று மாணவி ஒருவரின் வீட்டில் உணவருந்தியது பெரிய செய்தியானது. மாங்காட்டுக்குக் கிழக்கே, ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், கிண்டி தேசியப் பூங்காவின் மதிலுக்குள் வெளிமான்கள் மேய்கின்றன. ஒரு திசையில் வேட்டைக்காரர் என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள். மறு திசையில் வேட்டைக்காகவே வளைக்கப்பட்டுப் பின்னர் காக்கப்பட்ட காடு. இவை இரண்டுக்கும் இடையிலான உறவு என்ன என்பதே நம் கேள்வி.

வேள்விக்கு எல்லை வகுத்த மான்

வெளிமான் என்பது திறந்த புல்வெளியில் வாழும் இரலை. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து உதிரும்; வெளிமானின் கொம்போ கிளையின்றி, திருகுத் திருகாக, உதிராமல் வளரும். கரும்பழுப்பு முதுகும் வெண்வயிறும் நீண்ட திருகு கொம்பும் கொண்ட ஆண் மான், வேட்டைக்காரர்களின் சுவருக்கு ஏற்ற 'பரிசு'ப் பொருளானதற்கு இந்த அழகே காரணம்.

ஆயினும் இந்த மானின் மீது அதிகாரம் கை வைத்தது துப்பாக்கிக் காலத்தில் அல்ல. மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம், கருமான் இயல்பாகத் திரியும் நிலமே வேள்விக்குத் தகுந்த நிலம் என்றும், அதற்கு அப்பாற்பட்டது மிலேச்சர் நாடு என்றும் எல்லை வகுக்கிறது. அதன் தோல் முனிவரின் இருக்கையாகவும் உபநயனச் சடங்கின் பொருளாகவும் ஆனது. மானின் தோல் புனிதமடைந்தது. மானைப் பிடித்து, உரித்து, தோலைப் பதப்படுத்தியவர்களின் கை மட்டும் தீட்டாகவே நீடித்தது. பொருளை எடுத்துக்கொண்டு உழைத்தவரை விலக்கிவைக்கும் இந்தச் சூத்திரம் செத்த மாட்டின் தோல் விஷயத்தில் நமக்கு நன்கு அறிமுகமானது. மான் தோலிலும் அதுவே நடந்தது.

வேட்டையும் அவ்வாறே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அரசன் வேட்டையாடினால் அது வீரம். குறவன் வேட்டையாடினால் அது இழிதொழில். கோயில்களில் இன்றும் இறைவன் பரிவேட்டைக்கு எழுந்தருளுகிறார். வேடனான கண்ணப்பரை அறுபத்துமூவருள் ஒருவராகத் தொழுகிறோம். குறமகள் வள்ளியை முருகனின் துணைவியாகப் பாடுகிறோம். அதே கோயில்களின் வாசலில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்ணை உள்ளே விடுவதற்கு மட்டும் நம் சமூகம் தயங்குகிறது.

உரிமம் பெற்ற துப்பாக்கி

முகலாய அரசர்கள் பழக்கப்பட்ட சிவிங்கிப்புலிகளை ஏவி வெளிமான்களை வேட்டையாடினர். சமஸ்தான மன்னர்கள் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தனர். வேட்டைக்காகப் பிடிக்கப்பட்ட சிவிங்கிப்புலிகள் அடைப்பில் எளிதில் இனப்பெருக்கம் செய்வதில்லை. ஆகவே காட்டிலிருந்து மீண்டும் மீண்டும் பிடித்துவந்தனர். 1947இல் கொரியா சமஸ்தானத்தின் மகாராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் சுட்டு வீழ்த்திய மூன்று விலங்குகளே இந்தியாவில் பதிவான கடைசிச் சிவிங்கிப்புலிகள் எனக் கருதப்படுகின்றன. 1952இல் அந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. அந்தக் காடு வெறுமையாக இருந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. சிங்கங்களைக் குடியேற்றும் திட்டத்துக்காக அங்கிருந்து 24 கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. வெளியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் சஹாரியா பழங்குடியினர். கடைசி விலங்கைச் சுட்டது அரண்மனை. அதற்கு ஈடாக நிலத்தை இழந்தது குடிசை.

ஆங்கிலேயர் வேட்டையைச் சட்டமாக்கினர். நீலகிரியில் 1870களின் இறுதியில் வெள்ளை வேட்டைக்காரர்களின் சங்கம் உருவாயிற்று. அதன் விருப்பத்துக்கு இணங்க 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவின் தொடக்ககால வன உயிரினச் சட்டங்களில் ஒன்றாக இது போற்றப்படுகிறது. வரையாடும் கடமானும் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் வேட்டைக்குத் தடை, மற்ற காலத்தில் உரிமம் என்பது அதன் உள்ளடக்கம். உரிமம் பெறப் பணமும் பதவியும் உடையவர் 'விளையாட்டு வீரர்' ஆனார். வயிற்றுக்காகக் கண்ணி வைத்த இருளரும் குறும்பரும் 'திருட்டு வேட்டைக்காரர்' ஆயினர். அச்சட்டம் விலங்குகளைக் காத்தது உண்மை. ஆனால் அவற்றைச் சுடும் உரிமையைச் சிலருக்கென்று காப்பதற்காகவே காத்தது.

அந்த வேட்டையை நடத்திக் கொடுத்தவர்கள் யார்? தடம் பார்த்தவர், பறையடித்துக் காடு கலைத்தவர், காயம்பட்ட விலங்கைத் தேடிப் புதருக்குள் சென்றவர், தலையை அறுத்து உப்பிட்டுச் சுமந்தவர் ஆகிய அனைவரும் பழங்குடியினரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே. மைசூரில் வான் இங்கன் குடும்பம் நடத்திய பாடம் செய்யும் நிறுவனம் 1999இல் மூடப்படும்வரை இந்தியாவெங்குமிருந்து வந்த புலி, சிறுத்தை, மான் தலைகளைச் சுவருக்கு ஏற்றவாறு ஆக்கிக் கொடுத்தது. அந்தத் தலைகளின் கீழே பித்தளைத் தகட்டில் சுட்டவரின் பெயரும் இடமும் தேதியும் இருக்கும். தடம் பார்த்தவரின் பெயரைக் கொண்ட தகடு ஒன்றை நாம் இதுவரை கண்டதில்லை.

கிண்டியும் இந்த வரலாற்றின் ஒரு துண்டுதான். ஒரு காலத்தில் வேட்டைக் காடாக இருந்த அதை 1821இல் அரசு 35,000 ரூபாய்க்குத் தனியார் ஒருவரிடமிருந்து வாங்கியது. ஆளுநர் மாளிகையை ஒட்டிய அந்தக் காடு 1910இல் காப்புக்காடாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இன்று எஞ்சியுள்ள ஏறத்தாழ 270 ஹெக்டேரில் வெளிமான்கள் பெரிதும் விரும்பி மேயும் திறந்த வெளிக்கு இன்றும் 'போலோ மைதானம்' என்றே பெயர். நகரின் நடுவே மான் பிழைத்தது மகிழ்ச்சிக்குரியது. அது பிழைத்த இடம் ஆளுநரின் மதிலுக்குள் என்பது சிந்தனைக்குரியது.

சட்டத்தின் இரு வாசல்கள்

1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்ற பெருவேட்டைக் காலம் படிப்படியாக முடிவுக்கு வந்தது. வெளிமான் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. இது தேவையான சட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் விமர்சனம் அச்சட்டம் யாருக்கு எந்த வாசலைத் திறந்தது என்பதைப் பற்றியது.

முதல் வாசல் மாளிகைகளுக்கானது. ஏற்கெனவே கொன்று வைத்திருந்த விலங்குகளின் தோல், கொம்பு, பாடம் செய்த தலை ஆகியவற்றை அறிவிக்கப் பிரிவு 40 வழி செய்தது. பிரிவு 42 அவற்றுக்கு உடைமைச் சான்றிதழ் தந்தது. அறிவிக்கத் தவறியவர்கள் மீதும் சட்டம் கருணை காட்டியது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நுழைந்த பிரிவு 40ஏ, அறிவிக்காதவர்களுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பளித்தது. 2003இல் வந்த விதிகள் அதற்காக 180 நாள் அவகாசம் கொடுத்தன. அதுமட்டுமன்று: அத்திருத்தத்துக்கு முன்பு பிரிவு 40ஐ மீறியதற்காகத் தொடங்கிய நடவடிக்கைகள் தொடரப்படா என்றும், நிலுவை வழக்குகள் அற்றுப்போகும் என்றும் அப்பிரிவு கூறியது. சான்றிதழ் உள்ள பொருள்களை வாரிசுரிமையாகப் பெறவும் சட்டம் இடமளிக்கிறது. தாத்தா சுட்ட மானின் தலை பேரனுக்குச் சொத்தாக இறங்கும்.

இரண்டாம் வாசல் மற்றவர்களுக்கானது. ஒருவரிடம் விலங்கின் இறைச்சியோ தோலோ கொம்போ இருந்தால், அது சட்டவிரோதமானது என்றே பிரிவு 57 ஊகிக்கச் சொல்கிறது. அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. வனத்துறை அதிகாரி காவல் அதிகாரி அல்லர் என்பதால் அவரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கத்தக்கது என்ற நிலைப்பாட்டை நீதிமன்றங்கள் எடுத்துள்ளன. எழுதப் படிக்கத் தெரியாதவரின் கைரேகை அங்கே அவருக்கு எதிரான சான்றாகிறது.

பழங்குடியினரின் வேட்டை உரிமையைப் பிரிவு 65 காக்கிறது. ஆனால் யாருக்கு? நிக்கோபார் தீவுகளின் பழங்குடியினருக்கு மட்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மரபுரிமைகள் பலவற்றை அங்கீகரித்தபோதும், பிரிவு 3(1)(எல்) வேட்டையாடும், கண்ணி வைக்கும் உரிமையை வெளிப்படையாக விலக்கிவைத்தது. இந்த விலக்கு நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், வாழ்வாதாரம் பறிக்கப்பட்டவருக்கு மாற்றுத் தொழில் எங்கே என்று கேட்க வேண்டாமா? கௌரவச் சின்னத்தை இழக்கவிருந்தவருக்குச் சான்றிதழும் மன்னிப்பும் கிடைத்தன. சோற்றை இழந்தவருக்கு அப்படியொரு சலுகைக் காலமும் கிடைக்கவில்லை.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த இடைவெளியை அகலப்படுத்தியது. பொதுவான மீறல்களுக்கான அபராத உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாயிற்று. உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளுக்கான குறைந்தபட்ச அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ஆயிற்று. சிறு குற்றங்களைப் பணம் செலுத்தி இணங்கி முடித்துக்கொள்ளும் தொகையின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாயிற்று. பண்ணை வீட்டு உரிமையாளருக்கு 5 லட்சம் ஒரு செலவு. பாசிமணி விற்பவருக்கு அது பல ஆண்டு வருமானம். இணங்கி முடிக்கப் பணமில்லாதவர் வழக்கைச் சந்திக்கிறார்; வழக்கு நடத்த வழியில்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

புறநகர் நீதிமன்றங்களில் நாம் காணும் காட்சி இதுதான். "ஒத்துக்கிட்டா ஃபைனோட போயிடும்" என்ற அறிவுரை வழக்கறிஞரின் வாயிலிருந்தே வருகிறது. ஃபைனோடு போய்விடுவதில்லை. ஒருமுறை தண்டனை பெற்றவர் முதல் அட்டவணை விலங்கு தொடர்பான வழக்கில் மீண்டும் கைதானால் பிரிவு 51ஏ அவருடைய பிணையைக் கடினமாக்குகிறது. ஒரு நாள் வசதிக்காகப் போட்ட கைரேகை அடுத்த கைதில் சிறைக் கதவாகிறது. 1871இல் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைக் குற்றமாக்கியது. இன்று பிறப்பைச் சட்டம் கேட்பதில்லை. கையிலிருக்கும் வலையையும் தோளிலிருக்கும் பையையும் கேட்கிறது. அவற்றைச் சுமப்பவர் யார் என்பது அனைவருக்கும் தெரியும்.

கூண்டில் நிற்பவர் யார்?

செல்வாக்குள்ளவர்களும் வழக்கைச் சந்திக்கிறார்களே என்று கேட்கலாம். ஆம், சந்தித்திருக்கிறார்கள். 1998 அக்டோபரில் ஜோத்பூர் அருகே கங்காணி கிராமத்தில் வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில், நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரல் 5 அன்று விசாரணை நீதிமன்றம் ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டு நாளில் பிணை கிடைத்தது. அவர் மேல்முறையீடு செய்துள்ளார். அதே காலத்து சின்காரா மான் வழக்குகளில் 2016இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2005இல் ஹரியானாவின் ஜஜ்ஜரில் வெளிமான் வேட்டை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் கிரிக்கெட் அணித் தலைவர் மன்சூர் அலி கான் பட்டோடி, தீர்ப்பு வருமுன் 2011இல் காலமானார்.

இவர்கள் குற்றவாளிகளா என்பதை முடிவு செய்வது நீதிமன்றங்களின் வேலை. நாம் கவனிப்பது நடைமுறையை. முதல் தீர்ப்புக்கு இருபது ஆண்டு காத்திருக்கவும், ஒவ்வொரு சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யவும், தடயவியல் அறிக்கையைக் கேள்விக்குள்ளாக்கவும் அவர்களால் முடிந்தது. இது எல்லாக் குடிமக்களுக்கும் உரிய உரிமை. அவர்களிடமிருந்து அதைப் பறிக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. இருளருக்கும் நரிக்குறவருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று கோருகிறோம்.

வன அதிகாரம் கட்டற்றுப் போனால் என்ன நிகழும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த மலைக்கிராமத்துக்குள் புகுந்தனர்; 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 'வனக் குற்றம்' என்ற சொல் ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்க எவ்வாறு உதவியது என்பதை அந்த வழக்கு காட்டியது.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறைக்குள் சாதிவாரியாக வேலை பிரிப்பதை அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. சீர்மரபினர் மீது காலனிய ஆட்சி குத்திய 'பிறவிக் குற்றவாளி' முத்திரை சிறை விதிகளில் இன்றும் தொடர்வதையும் அது சுட்டிக்காட்டியது. சிறைக்குள் செல்லாத அந்த முத்திரை, சிறை வாசல்வரை ஆளைக் கொண்டுவரும் கைதுகளில் மட்டும் எப்படிச் செல்லும்?

மானைக் காப்பது யார்?

"அப்படியானால் ஏழைகள் வேட்டையாடலாமா?" என்ற கேள்வி எழும். நம் வாதம் அதுவன்று. வெளிமானைக் கொல்லும் உரிமை எவருக்கும் வேண்டாம். ஆனால் அதைக் காப்பாற்றியவர்கள் யார், அழிப்பது எது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

கங்காணியில் வேட்டையை வெளிக்கொணர்ந்து சாட்சி சொன்னவர்கள் அந்தக் கிராமத்து பிஷ்னோய் மக்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்விழந்த இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சே மூலப்பொருள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றனர். வேட்டை அறிவைக் குற்றமாக்காமல் பொதுப்பணியாக்கினால் மனிதரும் விலங்கும் ஒருசேரப் பிழைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நரிக்குறவருக்கு அத்தகைய வாய்ப்பை ஏன் எவரும் உருவாக்கவில்லை என்பதே கேள்வி.

உலகின் வேறு சில பகுதிகள் காட்டும் வழி வேறு. அரிவாள் போல் வளைந்த கொம்புடைய ஓரிக்ஸ் என்ற ஆப்பிரிக்க இரலை, வேட்டையாலும் வாழிட அழிவாலும் காட்டில் அற்றுப்போனதாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதே விலங்கு அமெரிக்காவின் டெக்சாஸ் பண்ணைகளில் ஆயிரக்கணக்கில், கட்டணம் செலுத்தி வேட்டையாடுவதற்காக வளர்க்கப்பட்டது. நம் வெளிமானும் 1930களில் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, இன்றும் விலைக்குச் சுடப்படுகிறது. பண வேட்டையே விலங்கைக் காக்கும் என்போர் இதையே எடுத்துக்காட்டுகின்றனர். ஆனால் ஓரிக்ஸ் தன் காட்டுக்குத் திரும்பியது 2016 முதல் சாட் நாட்டில் திட்டமிட்டு விடுவிக்கப்பட்ட பிறகே. அதன் விளைவாக 2023இல் அதன் அழிவுநிலை இரண்டு படி குறைத்து மதிப்பிடப்பட்டது. வேலிக்குள் எண்ணிக்கை பெருகுவது ஓர் இனம் மீள்வதாகாது. மண்ணும் புல்வெளியும் திரும்பினால்தான் இனம் மீளும்.

நம் புல்வெளிகள் எங்கே? கோடியக்கரையிலும் வல்லநாட்டிலும் வெளிமானுக்குச் சரணாலயங்கள் உள்ளன. அவற்றுக்கு வெளியே புல்வெளி என்பது வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'தரிசு', 'மேய்க்கால் புறம்போக்கு'. பயனற்றது என்று பெயரிட்டு, சீமைக்கருவேலத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் வீட்டுமனைக்கும் கொடுக்கப்பட்டது அந்த நிலமே. நிலமற்ற தலித் மக்கள் ஆடு மேய்த்ததும், நரிக்குறவர் கூடாரம் அடித்ததும், இரலை மேய்ந்ததும் ஒரே புறம்போக்கில்தான். பூந்தமல்லி, மாங்காடு, ஆவடிப் பகுதிகளில் மேய்க்கால் நிலம் மனைகளானபோது அந்த மாற்றத்துக்கு எந்த அட்டவணையும் குறுக்கே நிற்கவில்லை. கண்ணி ஒரு மானைப் பிடிக்கும். மனைப்பிரிவு மான்கூட்டம் நிற்கும் நிலத்தையே பிடிக்கும்.

நாம் கோருவன

முதலாவதாக, தலைமை வன உயிரினக் காப்பாளர் தமிழ்நாட்டில் இதுவரை வழங்கிய உடைமைச் சான்றிதழ்களின் எண்ணிக்கையையும் பொருள்களின் வகையையும் வெளியிட வேண்டும். சான்றிதழுக்கும் சுவரில் உள்ள பொருளுக்கும் பொருத்தம் உண்டா என்று தணிக்கை செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்பது கல்லூரி மாணவர்களும் செய்யக்கூடிய பணி. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 42ஏ, இழப்பீடின்றித் தாமாகவே ஒப்படைக்க வழி தருகிறது. பழைய ஜமீன்களும் மன்றங்களும் அதைப் பயன்படுத்தி முன்னுதாரணம் காட்டட்டும்.

இரண்டாவதாக, வன உயிரினக் குற்றங்களில் கைதாவோரின் சமூகப் பின்னணி, பிணை, இணங்கி முடித்தல், தண்டனை குறித்த விவரங்களை மாவட்டவாரியாக வனத்துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கைதான நாள் முதலே இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டும். வழக்கறிஞர் இன்றி எடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலங்களை நாம் ஒவ்வொரு வழக்கிலும் எதிர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்த பின் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதைப் பரவலாக அறியச் செய்ய வேண்டும். அச்சட்டத்தின் பிரிவு 3(1)(பி), பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பொய்யான, தீய நோக்குடைய, துன்புறுத்தும் வழக்குத் தொடுப்பதைக் குற்றமாக்குகிறது. இதற்குச் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஆகவே சான்றிதழ் வழங்குவதில் ஏற்படும் ஒவ்வொரு நாள் தாமதமும் ஒரு பாதுகாப்பு மறுப்பே.

நான்காவதாக, வேட்டையிலிருந்து விலக்கப்பட்ட சமூகங்களின் காட்டறிவுக்கு ஊதியமும் மதிப்பும் தரும் வேலைகள் வேண்டும். புல்வெளி மீட்பு, கணக்கெடுப்பு, காயமடைந்த விலங்குகளை மீட்டல் ஆகிய பணிகளில் அவர்களுக்கு முன்னுரிமை தர அரசாணை போதும். புதிய சட்டம் தேவையில்லை.

தமிழில் விலங்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இந்த நாட்டின் வேட்டைச் சட்டம் ஒரு பொருளைச் சுவருக்கும் மற்றொன்றைக் கைக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. 2022 டிசம்பரில் நிறைவேறிய இரண்டு சட்டங்களையும் இனியாவது ஒரே கோப்பில் வைத்து வாசிக்கத் தொடங்குவோம். வெளிமான் வாழ வேண்டும். அது வாழும் நாட்டில் நரிக்குறவர் குழந்தையும் அச்சமின்றிப் பள்ளிக்குச் சென்று வர வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று சொல்லும் எந்தப் பாதுகாப்பையும் நாம் ஏற்பதற்கில்லை.